பலா மரத்தடியில் நான் கட்டிய கதை

மழை பெய்தால் றப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டையில் விழாமல் மரமெல்லாம் வழிந்துவிடும். அதனால் மழைநாளில் காலையில் ஆள் எடுக்கும் பிரட்டுக்கு வருகிறவர்கள் பேர் கொடுத்துவிட்டு, பட்டை காயும்வரை கொட்டகையிலேயே குந்தியிருப்பார்கள். புளத்கொகுபிட்டியப் பக்கத்தில் மழைக்கா பஞ்சம்? அங்கே ஒரு றப்பர் தோட்டத்தில் நான் இருந்த இரண்டு வருடங்களும் எனக்கு இன்று ஒரே நீண்ட மழைக்காலையாகத்தான் ஞாபகம் வருகின்றன. வெள்ளை மூட்டம், அதற்குள்ளிருந்து யாரோ இருமும் சத்தம், உலராத உடுப்பில் றப்பர் பால் வாடை. நடந்ததில் பாதி கனவோ என்றுகூடத் தோன்றும்.

நான் றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். ஒரு சிறிய சமூக நிறுவனம் என்னை அங்கே அனுப்பியிருந்தது; எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். தோட்டம் மேல்கணக்கு, கீழ்கணக்கு என்று இரண்டு பிரிவாக இருந்தது. நடுவில் ஓயா என்கிற காட்டாறு. அதைக் கடக்க இரண்டு கித்துள் மரங்களைப் போட்ட ஏதண்ட என்கிற நடைபாலம் ஒன்றுதான். வெள்ளம் வந்தால் அதுவும் முங்கிவிடும். பள்ளிக்கூடம் கீழே, டிஸ்பென்சரி மேலே. இரண்டு கணக்கும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்து வைத்து, வேலைக்கும் ஆள் தந்தால் பாலத்துக்குச் சீமெந்தும் கம்பியும் தருவதாகத் தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியிருந்தார். பெருமழைக்கு முன் முடிய வேண்டும்.

ஆனால் அவர்கள் பேசிக்கொள்வதே இல்லை. மாரியம்மன் திருவிழாவில் கரகம் எந்தக் கணக்கின் லய வீடுகளுக்கு முதலில் போவது என்று எப்போதோ வந்த தகராறு. முதலில் அடித்தது யார் என்று எவருக்கும் தெரியாது. கோபம் மட்டும் பத்திரமாக இருந்தது.

கதை சொன்னால் மனிதர்கள் ஒன்று சேர்வார்கள் என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். எனக்குக் கதை கட்டுவது கைவந்த கலை. ஓயாக் கரையில், கீழ்கணக்குப் பக்கம், ஒரு பெரிய பலா மரம் நின்றது. அதைப் பார்த்ததும் கதை தானாக வந்தது. அந்தக் காலத்தில் கடல் தாண்டி, மன்னார்க் காட்டுவழியாகத் தோட்ட வேலைக்கு நடந்து வந்த ஒரு பெண். வந்த இடத்தில் அவள் குழந்தை செத்துப்போகிறது. புதைத்த இடத்தில் ஒரு பலாக்கொட்டையை ஊன்றுகிறாள். மழைநாட்களில் இரண்டு கொட்டகைகளிலும் இதைச் சொன்னேன். மேல்கணக்கில் அவள் மேல்கணக்குக்காரி, கீழ்கணக்கில் கீழ்கணக்குக்காரி. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

மேல்கணக்குப் பிள்ளைக்காம்பராவில் பிள்ளை பார்க்கும் அக்காவுக்கு ஓயாத வாய். ஒரு மாதத்துக்குள் அந்தப் பெண்ணுக்கு அவர் ஒரு மூக்குத்தியும் நொண்டிக் காலும் கொடுத்துவிட்டார். கீழ்கணக்கில் அவள் தாலாட்டுப் பாடுகிறவளாகிவிட்டாள். அங்கே ஒரு பால்வெட்டும் அக்கா மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். நான் கதை சொல்லும்போதெல்லாம் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருப்பார்.

மனுவில் கையெழுத்து வைக்க எல்லோரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பலா மரத்தடிக்கு வரச் சொன்னேன். வந்தார்கள். தூறிக்கொண்டிருந்தது. பிள்ளைக்காம்பரா அக்கா மரத்தைத் தொட்டுக் கும்பிட்டு, "எங்க கணக்குப் பொம்பள வச்ச மரம்" என்றார். அவ்வளவுதான். "யாரு கணக்கு? அவ எங்க லயத்துல இருந்தவ" என்று கீழ்கணக்குப் பக்கம் கிளம்பியது. கரகத்தை விட்டார்கள், அவளைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்கள் சாரத்தை மடித்துக் கட்ட ஆரம்பித்தார்கள். பாலம் என்னால்தான் போகப்போகிறது என்று தெரிந்தது.

"அப்படி ஒரு பொம்பளயே இல்லைங்க. நான்தான் கட்டிச் சொன்னேன்" என்றேன்.

அவமானத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கத்தி தீட்டும் அக்கா பேசினார்.

"பொம்பள இல்லாட்டிப் போகட்டும் டீச்சர். இந்த மரத்தடியில புள்ளையப் பொதச்சது நெசம். நான்தான் பொதச்சேன்."

முன்பொரு மழைக்காலத்தில், காய்ச்சல் கண்ட எட்டு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்திருக்கிறார். ஏதண்ட முங்கியிருந்தது. வெள்ளம் இறங்கட்டும் என்று இதே இடத்தில் காத்திருந்தபோது மடியிலேயே பிள்ளை போய்விட்டது. இதை அவர் சாதாரணமாக, பட்டை காய்ந்ததா என்று கேட்பதுபோல் சொன்னார். ஒரு பலாக்கொட்டையை வைத்து நான் விளையாடிய இடம் இதுதான்.

பிள்ளைக்காம்பரா அக்கா மெல்ல முன்னால் வந்தார். ஓயாத அந்த வாய் கோணிக்கொண்டு நின்றது.

"அன்னிக்கு அக்கரையில நான் நின்னேன். நீ துணியச் சுத்திப் புள்ளைய வச்சுக்கிட்டு நின்னதப் பாத்தேன். ஒரு சத்தம் போட்டிருந்தா எங்க ஆம்பளைங்க கயிறு கொண்டாந்திருப்பாங்க. கீழ்கணக்குதானேன்னு பேசாம நின்னுட்டேன்."

"நீங்க நின்னது எனக்கும் தெரியும்" என்றார் பால்வெட்டும் அக்கா. "நானும் கூப்புடலயே."

இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை. பிள்ளைக்காம்பரா அக்கா மனுத்தாளை என் கையிலிருந்து வாங்கி, முதலில் இவரிடம் நீட்டினார். இவர் ரேகை வைத்தார். அதற்குக் கீழே அவர் வைத்தார். மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். நனைந்த தாளில் மை பரவியது. துரை அதைப் பார்த்து முகம் சுளித்தாலும் சொன்ன சாமானைக் கொடுத்தார். இரண்டு கணக்கும் ஆள் தந்து, பெருமழைக்கு நான்கு நாள் முன்னால் பாலம் முடிந்தது.

சில வருடங்கள் கழித்து ஒருமுறை அந்தப் பக்கம் போனேன். மூட்டத்துக்குள்ளிருந்து பாலத்தின்மேல் சின்னப் பிள்ளைகள் கும்பலாகக் கத்திக்கொண்டு வந்தன. பின்னால் பிள்ளைக்காம்பரா அக்கா, முடி நரைத்திருந்தது. என்னைக் கவனிக்கவில்லை. பலா மரத்துக்கு அருகே வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"சத்தம் போடாம வாங்க. நம்ம புள்ள தூங்குது."

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு, மரத்தைத் தாண்டும்வரை குதிகாலைத் தூக்கி நடந்தன. நானும் அப்படித்தான் நடந்தேன்.