மாத்திரைச் சாக்கு

கிளாரி ஹாஸ்கின்ஸ் தன் வாழ்நாளில் எதையும் நேராகக் கேட்டவரில்லை. கோலாக் என்ற தன் சிற்றூரில் பால் லாரி ஓட்டிய காலத்தில், சம்பளத்தைக் கூட்டித் தரச்சொல்லி முதலாளியிடம் போவார். போய், டயர் தேய்ந்துவிட்ட கதையைச் சொல்வார். முதலாளி புது டயர் வாங்கிக் கொடுத்து அனுப்புவார். வாலிபத்தில் ஒரு பெண்ணைப் பிடித்துப்போனது. அதைச் சொல்ல வாய் வராமல், அவள் அப்பாவின் பண்ணைக்கு வேலி கட்டிக் கொடுத்தார். வேலி இன்றைக்கும் ஆடாமல் நிற்கிறது. அவள் பக்கத்துப் பண்ணைக்காரனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். கிளாரி எழுபது தாண்டியும் ஒண்டிக்கட்டை. துணைக்கு ஒரு நாய்.

வாய்தான் சுற்றி வளைக்குமே தவிர, உடம்புக்கு அந்தப் பழக்கம் இல்லை. சர்க்கரை, இதயம், முழங்கால், மூச்சிரைப்பு என்று ஒவ்வொன்றாகக் கதவைத் தட்டிக்கொண்டு நேராகவே வந்தன. நல்லவேளை, மருந்து விலையில் பெரும்பங்கை அரசாங்கம் போட்டுவிடுகிறது. மருந்துச் சீட்டு ஒவ்வொன்றுக்கும் நம் பங்காக ஒரு சிறுதொகை கொடுத்தால் போதும். ஜனவரியிலிருந்து அந்தச் சிறுதொகைகள் சேர்ந்து ஓர் எல்லையைத் தொட்டுவிட்டால், பென்ஷன்காரர்களுக்கு அந்த வருஷம் முடியும்வரை மருந்து சும்மா. அதற்கு 'வலை' என்று பெயர். "வலையில விழுந்தாச்சா?" என்பதுதான் கோலாக்கில் வயசாளிகளின் குசல விசாரிப்பு.

கிளாரி ஆகஸ்டில் குளிர்காலம் முடியும் முன்பே விழுந்துவிடுவார். நோலா பிரிச்சர்டு அப்படியில்லை. பள்ளிக்கூடச் சிற்றுண்டிக் கடையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கணவர் போய்ப் பல வருஷமாகிறது. கிளப்பில் புல்தரைப் பந்து ஆடும்போது கிளாரிக்கு ஜோடி. மொத்தமே மூன்று வியாதிகள். டிசம்பர் கடைசியில் எல்லைக்கு ஒன்றிரண்டு சீட்டு குறைவாக வந்து நிற்பார். ஜனவரி பிறந்ததும் எல்லாம் அழிந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

"இவ்வளவு திடமா இருந்தா நான் எப்படி உருப்படறது?" என்று நோலாவே புலம்புவார்.

கணவன் மனைவியாக இருந்தால் இரண்டு பேர் சீட்டும் ஒரே கணக்கில் சேரும் என்று கிளாரி கேள்விப்பட்டார். தன் வியாதிகள் நோலாவையும் வலைக்குள் இழுத்துப் போட்டுவிடும்! அந்தச் சந்தோஷத்தில் டீயில் சர்க்கரையைப் போட்டுக் குடித்துவிட்டார். அந்தக் கணக்குக்கு இன்னொரு பாதியும் உண்டு. அதை விசாரித்துத் தெரிந்துகொண்டவர், யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த ஊரில் டிசம்பர்தான் கோடை. அந்த வெயிலில் ஒரு நாள் நோலாவைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். வருஷம் முடிவதற்குள் மருந்து வாங்கிவிட வேண்டுமென்று பாதி ஊர் அங்கே நின்றது. கடைக்கார எஃபி, கிறிஸ்துமஸுக்காகத் தலையில் துணியில் தைத்த மான்கொம்பு மாட்டியிருந்தார். நோலா வெயில் களிம்பு பார்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து கிளாரி மேசைமேல் சாய்ந்தார்.

"எஃபி, நோலா சீட்டையும் என் கணக்குல சேர்த்துடேன்."

"அப்படியெல்லாம் சேர்க்க முடியாதே கிளாரி. ஜோடியா இருந்தாத்தான்."

"சரி, அப்படியே வெச்சுக்கோ."

எஃபிக்குக் காது மந்தமானவர்களோடு பேசிப் பேசித் தொண்டை பெரிசாகிவிட்டது. "என்னது? நீங்களும் நோலாவும் சேர்ந்து குடித்தனம் நடத்தறீங்களா?"

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வரிசையில் நின்ற டெஸ், கிளப்பில் கிளாரியைச் சீண்டுவதையே தொழிலாக வைத்திருப்பவர், முதலில் சுதாரித்துக்கொண்டார். "எப்போலேருந்துடா? நேத்துகூட ஒண்டியா உக்காந்து மீன் வறுவல் தின்னுட்டிருந்தியே!"

நோலா களிம்பும் கையுமாக வந்து நின்றார். "யாரைக் கேட்டுடா சொன்னே?"

"இல்ல... வருஷா வருஷம் நீ வலைக்கு வெளியவே நின்னுடறே, அதான்..."

"அதுக்காக? என்னோட ரத்தக் கொதிப்பைக் கட்டிக்கப் போறியா?"

மாத்திரையைக்கூட வாங்காமல், அந்த வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். கிளாரி வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு பக்கத்திலேயே போனார். நோலா திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை கிளப்பில் நோலா வேறொருவரோடு ஜோடி சேர்ந்து ஆடினார். கிளாரிக்கு நெஞ்சு வலித்தது. எந்த மாத்திரைக்கும் அடங்காத வலி. இந்த வயதில் இவளையும் இழந்துவிட்டால் இனி யாருமில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து டெஸ் டீயோடு வந்து உட்கார்ந்தார்.

"முட்டாப்பயலே, ஜோடின்னு பதிஞ்சா ரெண்டு பேர் பென்ஷன்லயும் கவர்மென்ட்காரன் கத்தி வெச்சுடுவான், தெரியுமா? மாத்திரையில மிச்சம் புடிக்கறதைவிடப் பல மடங்கு போயிடும். இந்த ஜில்லாவுலயே இதைவிட மட்டமான பேரம் கிடையாதுடா!"

பக்கத்து மேசையில் கேக் வெட்டிக்கொண்டிருந்த நோலா கத்தியோடு திரும்பினார். "கிளாரி, டெஸ் சொல்றது நெஜமா?"

"நெஜந்தான்."

"இப்பத்தான் தெரியுமா உனக்கு?"

"ஜூன்லயே தெரியும். பென்ஷன் ஆபீஸ் பொண்ணு ரெண்டு தடவை கூட்டிக் கழிச்சுக் காட்டிச்சு. ரெண்டு தடவையும் நஷ்டந்தான்."

"நஷ்டம்னு தெரிஞ்சுமா கேட்டே?"

"ஆமா."

"அப்புறம் மாத்திரைப் பேச்சு எதுக்கு?"

"எங்கேயாவது ஆரம்பிக்கணுமே நோலா."

நோலா கத்தியைக் கீழே வைத்தார். "மாத்திரையை விட்டுட்டுச் சொல்லு."

கிளாரியின் கண் தானாகக் கிளப் வேலியின் பக்கம் ஓடியது. அங்கே ஒரு பலகை கழன்று தொங்கியது. கஷ்டப்பட்டுக் கண்ணை அங்கிருந்து பிடுங்கி நோலாவின் முகத்துக்குக் கொண்டுவந்தார்.

"நீ இல்லாத வீட்டுக்குத் திரும்பிப் போகப் புடிக்கல. என்கூட இருந்துடு."

டெஸ் வாயில் வைத்த டீயை விழுங்கவில்லை.

"உன் வீடு பூரா நாய் நாத்தம்," என்றார் நோலா. "நீ என் வீட்டுக்கு வா. வர்றதுக்கு முன்னாடி நாயைக் குளிப்பாட்டு."

அடுத்த வாரமே குளித்த நாயோடு கிளாரி குடிபோனார். மறுநாள், வருஷம் முடியும் முன்பே, மருந்துக்கடையில் நோலாவே மேசைமேல் சாய்ந்தார். "எஃபி, எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா போடு. நல்லா சத்தமாவே கேளு, பரவாயில்ல."

கிளாரியின் வியாதிகள் சொன்னபடி வேலையைக் காட்டின. அன்றைக்கு நோலா சல்லிக்காசு கொடுக்கவில்லை. கிளாரி தானே அந்த மருந்துகளைக் காய்ச்சி எடுத்தவர்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். நோலா பையை வாங்கிக்கொண்டு அவர் கையோடு தன் கையைக் கோத்துக்கொண்டார்.

"வா கிளாரி. அப்படியே பென்ஷன் ஆபீசுக்குப் போய் அந்த நஷ்டத்தையும் பதிஞ்சுட்டு வந்துடலாம்."