இடுப்பில் ஒரு கிலோ

டீ கிளாஸை ஜோசப் ராஜ் இடது கையால்தான் வாங்குவார். காசு நீட்டுவதும் இடது கை, கார் கதவைத் திறப்பதும் இடது கை. அதியமான்கோட்டை நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடைக்கு அவர் புதிதாக வந்த நாளில், கல்லாவில் இருந்த அம்மாள், "என்னாங்க இது, நோட்டைப் பீச்சாங்கையில நீட்டறீங்க?" என்று முகம் சுளித்தார். ஜோசப் ராஜ் சட்டையை விரலளவு தூக்கிக் காட்டினார். வலது இடுப்பில் ஒரு கறுப்புத் துப்பாக்கி உறை. அந்த அம்மாள் நோட்டை வாங்கிக்கொண்டு, மீதியை இரண்டு கையாலும் கொடுத்தார்.

வலது கை எந்நேரமும் சும்மா இருக்க வேண்டும் என்பது அவருக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பாடம். ஆகவே அவர் காவலுக்குப் போகும் பச்சியப்பனின் இரண்டு செல்போன்கள், மூக்குக்கண்ணாடிக் கூடு, கல்யாண வீடுகளுக்கு எடுத்துப்போகும் பரிசுப் பொட்டலம், கழற்றிக் கொடுக்கப்பட்ட மாலை எல்லாம் அவருடைய இடது கையில்தான் தொங்கும். ஒருமுறை அதே கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் பார்த்தேன். இடது தோள்பட்டை வலிக்கிறது என்று தைலம் தேய்ப்பார். வலது இடுப்பும் வலிக்கும். அதற்குத் தைலம் கிடையாது. "உள்ள குண்டு போட்டா கிலோவுக்குப் பக்கம் வருதுங்க. ஒரு கிலோ தக்காளியைப் பகல் முழுக்க ஒரே பக்கம் கட்டிக்கிட்டு நடந்து பாருங்க, தெரியும்" என்பார்.

ஜோசப் ராஜ் ஆயுதப்படை ஏட்டு. தருமபுரியில் எங்கள் தெருவில் மூன்றாவது வீடு. சொந்த ஊர் பொம்மிடிப் பக்கம், வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, குடியானவர் குடும்பம். இந்தக் கதை தொடங்கும்போது அவர் பச்சியப்பனின் கன்மேன், அதாவது அரசாங்கம் கொடுத்த துப்பாக்கிக் காவலர். பச்சியப்பன் மனை பிரித்து விற்பவர். கட்சியில் ஏதோ ஒரு அணிக்கு மாவட்டத்தில் ஏதோ ஒன்று. அவருக்கு உயிருக்கு ஆபத்து என்று அரசாங்கம் ஒத்துக்கொண்ட கதையைத் தெருவே அறியும். ராத்திரியில் ஒரு மிரட்டல் போன் வந்ததாம். அடுத்த நாளே இரண்டு பேர் பைக்கில் வீட்டைச் சுற்றினார்களாம். அந்த இரண்டு பேரும் பக்கத்துத் தெருவில் பெண் பார்க்க வந்து விலாசம் தெரியாமல் அலைந்தவர்கள் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் கன்மேன் வந்துவிட்டார். வந்தவரைத் திருப்பி அனுப்ப யாருக்கும் தைரியமில்லை.

எந்தப் போலீஸ்காரர் எந்தத் துப்பாக்கி வைத்திருக்கிறார் என்று நான் ஒருநாள் கேட்டுவைத்தேன். மனிதர் மலர்ந்துபோனார். யாரும் அவரிடம் அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டதில்லை போலிருக்கிறது. "காவலுக்கு நிக்கறவனுக்கு நீட்டுத் துப்பாக்கி. பார்த்தவுடனே எவனும் கிட்ட வரக்கூடாது, அதுக்குத்தான் அது. ஸ்டேசன் எஸ்.ஐ.க்கு முன்னெல்லாம் ரிவால்வர். ஆறு குண்டு, மெதுவா போடணும், ஆனா சிக்கவே சிக்காது. எனக்கு அதுதாங்க புடிக்கும். இது நைன் எம்.எம். பிஸ்டல். தட்டையா இருக்கும், சட்டைக்குள்ள அடங்கும், கார்ல உக்காரலாம். பெரிய பெரிய தலைங்க பின்னால போறவங்ககிட்ட இன்னும் லேசா, பிளாஸ்டிக்குல பண்ணினாப்புல ஒண்ணு இருக்குது. நமக்கு அதெல்லாம் வராது."

"ஆபத்து வந்தால் சுடுவீர்களா?"

"கூட்டத்துல சுட்டா எவன் மேல படும்னு யாருங்க சொல்றது? சுடறது கடைசி வேலை. ஆளை அமுக்கிக் கீழ தள்ளி மேல படுத்துக்கறதுதான் மொத வேலை." சற்று யோசித்தவர், "ஒரு தடவையாச்சும் அவரைக் கீழ தள்ளணும்னு ஆசைதான். சந்தர்ப்பம் வரமாட்டேங்குது" என்றார்.

பிஸ்டல் வெளியே தெரியக்கூடாது என்பது சட்டம். தெரிய வேண்டும் என்பது பச்சியப்பனின் ஆசை. மண்டப வாசலில் இறங்கும்போதே, "சட்டைய கொஞ்சம் ஏத்தி விடுய்யா, என்னமோ பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போறவனாட்டம் வர்றே" என்பார். புகைப்படக்காரர்களும் அப்படித்தான். மணமக்களோடு பச்சியப்பன் நிற்கும்போது, "கன்மேன் சார், நீங்களும் ஃபிரேமுக்குள்ள வாங்க" என்று கூப்பிடுவார்கள். தருமபுரி வட்டாரத்தில் எத்தனையோ வீட்டுக் கல்யாண ஆல்பத்தில், பெயர் தெரியாத இந்த மனிதர் வாயை இறுக்கிக்கொண்டு ஓரமாக நிற்கிறார்.

அவருடைய பயமெல்லாம் வேறு. பிஸ்டல் தொலைந்தால் வேலை போகும், ஒரு குண்டு குறைந்தாலும் விளக்கம் எழுதி மாளாது. பஸ்ஸில் அவர் கண் அயர்ந்து நான் பார்த்ததில்லை. மாதா கோயிலில் பூசையின்போது கடைசி பெஞ்சில்தான் இருப்பார். முழங்காலிட்டால் பிஸ்டலின் பிடி மரப் பெஞ்சில் டொக்கென்று இடிக்கும், முன்னால் இருக்கும் குழந்தைகள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். வீட்டில் பீரோ லாக்கருக்குள் அது படுத்த பிறகுதான் அவர் படுப்பார். "இது என்னைக் காப்பாத்தும்னு ஊரு நினைக்குது. நான்தாங்க இதைக் காப்பாத்திக்கிட்டுத் திரியறேன்."

அந்தப் பயத்தில் வந்தது ஒரு பழக்கம். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்தால் வலது கை தானாக இடுப்புக்குப் போகும். உறையின் பட்டை மூடியிருக்கிறதா என்று ஒரு அமுக்கு அமுக்கும். டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்தாலும் சரி, சலூன் நாற்காலியிலிருந்து எழுந்தாலும் சரி. ஆயுதம் வைத்திருக்கும் எல்லாப் போலீஸ்காரர்களுக்கும் இது உண்டாம். கண்ணாடி போட்டவர் அதை மூக்கின்மேல் தள்ளிவிட்டுக்கொள்வதுபோல ஒன்று, அவ்வளவுதான். இதை இவ்வளவு விளக்கமாக நான் எழுதக் காரணம் இருக்கிறது.

பொம்மிடிப் பக்கம் பச்சியப்பன் ஒரு மனைப்பிரிவு போட்டார். எல்லாம் அமைந்தது, தார்ச்சாலைக்கு வழிதான் இல்லை. நடுவே ஒரு துண்டு நிலம், கிணற்றோடு. அது ராஜமேரியுடையது. ராஜமேரி கணவனை இழந்தவர், அந்தத் துண்டை நம்பியே இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியவர். அவர் ஜோசப் ராஜின் அக்கா. அக்கா என்று சொல்வதைவிட அம்மா என்று சொல்லலாம். தாய் போன பிறகு தம்பிக்குச் சோறு போட்டதும், போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழக விடியற்காலையில் எழுப்பிவிட்டதும் அவர்தான். தர முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். ஆள் மாற்றி ஆள் போனார்கள். அந்த அம்மாள் அசையவில்லை.

ஒருநாள் பச்சியப்பனே கிளம்பினார். "அது எங்கக்கா வூடுங்க. நான் கார்லயே இருந்துக்கறேன்" என்று ஜோசப் ராஜ் சொல்லிப் பார்த்தார். "உங்கக்காவா? அப்ப நீ கண்டிப்பா வரணும்யா" என்றார் பச்சியப்பன். பாதுகாப்புக்குப் போனவர் பாதுகாக்க வேண்டியவரை விட்டுவிட்டுக் காரில் உட்காரவும் முடியாது. அதுவும் சட்டம்.

நடந்ததை அவர் சொன்னபடி எழுதுகிறேன். கட்டிலில் பச்சியப்பனும் ஜோசப் ராஜும் உட்கார்ந்தார்கள். அக்கா காப்பி கொடுத்தார். தம்பியைப் பார்த்து, "ஏன்டா, நீயும் இவங்களோட சேந்துதான் வந்தியா?" என்று கேட்டார். அவர் இடது கையால் காப்பியை வாங்கிக்கொண்டார். பேச்சு வளர்ந்தது. "செத்தாலும் தரமாட்டேன்" என்று அக்கா சொன்னதும் பச்சியப்பன் விருட்டென்று எழுந்தார். அவர் எழுந்ததால் ஜோசப் ராஜும் எழுந்தார். கை இடுப்புக்குப் போனது.

ராஜமேரி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தார். மறு வாரம் பத்திரப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நிலம் இருந்த இடத்தில் இப்போது மனைப்பிரிவின் சிமெண்டு வளைவு நிற்கிறது. கிணற்றைத் தூர்த்து அதன்மேல் பாதை போட்டிருக்கிறார்கள்.

ஜோசப் ராஜுக்கு அன்றைக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா ஏன் திடீரென்று ஒத்துக்கொண்டார் என்று வியந்துகொண்டே இருந்திருக்கிறார். பிறகு ஒரு கல்யாண வீட்டில் பச்சியப்பன் நாலு பேரிடம், "நாங்க ரெண்டு வருசமாப் பேசி முடியாததை நம்ம ஜோசப்பு ஒரு வார்த்தை பேசாம முடிச்சான்" என்று தட்டிக்கொடுத்துச் சிரித்தபோதுதான் விளங்கியது. "கையில இருந்த மாலையைக் கீழ போட்டுட்டேங்க. அப்பவும் போட்டோக்காரன், கன்மேன் சார் கொஞ்சம் சிரிங்கங்கறான்."

"உடனே அக்காவிடம் போய் விளக்கியிருக்கலாமே?" என்று நான் கேட்டேன்.

"என்னான்னு? பழக்கத்துல தொட்டேன்னா? துப்பாக்கி வெச்சிருக்கறவன் சும்மாதான் தொட்டேன்னு சொன்னா நீங்க நம்புவீங்களா?"

என் கண் அவருடைய இடுப்பு உறைக்குப் போனது. அவர் அதைக் கவனித்துவிட்டார். அரசாங்கம் ஒரு பணக்காரனின் பெருமைக்கு ஒரு பிஸ்டலைக் கொடுத்து, அதைத் தூக்க ஒரு ஏழை வீட்டுப் பிள்ளையையும் கொடுத்திருக்கிறது. அந்தப் பிஸ்டல் ஒரு குண்டு கூடச் செலவாகாமல், அவனை வளர்த்தவளிடமிருந்தே நிலத்தைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டது. கணக்குப் பார்த்தால் அவருக்குக் கொடுத்த பத்துக் குண்டும் பத்திரமாக இருக்கின்றன; ஒரு தப்பும் நடக்கவில்லை.

வேறு டூட்டி கேட்டு ஜோசப் ராஜ் மேலதிகாரியிடம் நின்றார். என்ன காரணம் என்றார்கள். காரணத்தை எப்படிச் சொல்வது? முதுகுவலி என்றார். "கார்ல போய் கல்யாணச் சாப்பாடு சாப்பிடறதுக்கு முதுகு வலிக்குதாய்யா?" என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் அவரைக் காப்பாற்றியது அரசியல்தான். பச்சியப்பன் கட்சிக்குள் தன்னைவிடப் பெரிய ஒருவரைப் பகைத்துக்கொண்டார். பச்சியப்பனின் உயிருக்கு இருந்த ஆபத்து அரசாங்கக் கணக்கில் அதே வாரம் நீங்கிவிட்டது. ஜோசப் ராஜ் ஆயுதப்படைக்குத் திரும்பி, பிஸ்டலை ஒப்படைத்தார். அன்று சாயங்காலமே என் வீட்டுக் கதவைத் தட்டி, "ஞாயித்துக்கிழமை அக்காவைப் பார்க்கப் போறேன். தனியாப் போவ முடியலீங்க, கூட வர்றீங்களா?" என்றார்.

போனோம். பொம்மிடியில் இறங்கியதும் ஒரு கடைக் கண்ணாடி முன் நின்று, எப்போதும் வெளியே தொங்கும் சட்டையை நன்றாக உள்ளே விட்டுக்கொண்டார். பெல்ட் சுற்றிலும் தெரிந்தது. இடுப்பில் ஒன்றுமில்லை என்பது தெருக்கோடியிலிருந்து பார்த்தாலே தெரியும்.

ராஜமேரி வாசலில் இன்னும் இரண்டு பெண்களோடு உட்கார்ந்து கூலிக்குப் புளி தட்டிக்கொண்டிருந்தார். நிலம் போன பிறகு அதுதான் பிழைப்பு. மடி நிறைய ஓடும் நாரும். நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, நான்தான்" என்றார் ஜோசப் ராஜ். இரண்டு கையையும் உடம்பை விட்டுத் தள்ளி அகட்டி வைத்துக்கொண்டு, "பாருக்கா, ஒண்ணுமில்ல. எல்லாம் குடுத்துட்டேன். இனிமே நான் அந்த ஆளுகூடப் போவமாட்டேன்க்கா" என்றார்.

அந்த அம்மாள் அவருடைய இடுப்பைப் பார்க்கவே இல்லை. மடியை உதறிக்கொண்டு மெல்ல எழுந்து உள்ளே போனார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து தம்பியின் முன்னால் போட்டார். புளிப்பிசுக்கு ஏறிய கையால் முந்தானையை எடுத்து நாற்காலியின் முதுகு, கை, உட்காருமிடம் எல்லாம் அழுத்தித் துடைத்தார். "உக்காருங்க சார்" என்றார். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து, முந்தானையால் தோளை மூடிக்கொண்டு, கைகட்டி நின்றார்.