ஒரு நாள் முந்தி வந்த மாப்பிள்ளை

காலையில் தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வானொலியைத் திருகினேன். ‘வரலாற்றில் இன்று’ என்று ஒரு பிள்ளை வாசித்துக்கொண்டிருந்தாள். மே பன்னிரண்டு. தாதியர் தினமாம், அமெரிக்க நடிகை ஒருத்தி பிறந்த நாளாம், இங்கிலாந்து ராஜாவுக்கு முடிசூட்டிய நாளாம். அதோடு முடித்துவிட்டாள். என் கலியாணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த ராஜாவுக்கு முடிசூட்டிய அன்றுதான் அதுவும் நடந்தது. நடக்காமல் போகவும் பார்த்தது.

நாங்கள் புத்தளம், மாப்பிள்ளை வீடு கற்பிட்டி. நடுவில் களப்பு, தோணியில்தான் வரவேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் சபர் மாதத்தில் நல்ல காரியம் எதுவும் செய்யமாட்டார்கள், பீடை மாதம் என்பார்கள். அதனால் சபர் கழிந்து புதுப்பிறை கண்ட மறுநாள் நிக்காஹ் என்று இரண்டு வாப்பாமாரும் பேசி முடித்தார்கள். இங்கிலீசுத் தேதி என்னவென்று யாரும் கேட்கவில்லை. அது அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்ப்பவர்களின் சமாசாரம்.

பிறை பார்க்கிற அன்று மாலையில் புத்தளத்து வானம் முழுக்க மேகம். ஆண்கள் கழுத்து நோகப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பிறை காணாவிட்டால் மாதத்துக்கு முப்பது நாள். ஆகவே சபர் இன்னும் ஒரு நாள். மறுநாள் நிக்காஹ் இல்லை என்றதும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கால் முளைத்துவிட்டது. அந்த மறுநாளில்தான் கச்சேரி மைதானத்தில் முடிசூட்டுக் கொண்டாட்டம்: கொடி, பாண்டு வாத்தியம், இருட்டியதும் இலவச பயஸ்கோப். சமையலுக்கு வந்தவர் உட்பட எல்லாரும் போய்விட்டார்கள். மணப்பெண் வாசல் தாண்டக்கூடாது என்று என்னை மட்டும் விட்டுவிட்டு, உம்மாவின் தங்கையான சாச்சியைக் காவல் வைத்தார்கள். நான் அதுவரை பயஸ்கோப் பார்த்ததே இல்லை. ராஜாவின் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

பின்னேரம் தெருவில் றபான் கொட்டும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை ஊர்வலம். கற்பிட்டியில் வானம் வெளித்திருந்து, அவர்கள் பிறையைக் கண்டுவிட்டார்களாம். அவர்கள் கணக்கில் அன்றுதான் நாள். எங்கள் வீட்டிலோ அடுப்பில் பூனை படுத்திருந்தது.

பக்கத்து வீட்டாரை அனுப்பி வாப்பாவைக் கூட்டிவரச் செய்தாள் சாச்சி. அவர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். முற்றத்தில் இரண்டு வாப்பாமாரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

“சபர் மாசத்துல நான் புள்ளயக் கட்டிக் குடுக்க மாட்டன்.”

“நாங்க கண்ணால கண்ட பிறை. வந்த மாப்பிள்ளத் தோணி திரும்பினா, பொறவு வராது.”

கதவுக்குப் பின்னால் நான் இடுக்கில் காதை வைத்தேன். மாப்பிள்ளை திரும்பிப் போன பெண்ணை அதற்குப் பிறகு யார் கேட்டு வருவார்கள்? இருவரும் விட்டுக்கொடுக்கிற ஆட்கள் இல்லை. கற்பிட்டிக்காரர்கள் தோணிப்பக்கம் நடக்கவும் தொடங்கிவிட்டார்கள். அப்போது, வாய் திறக்கக்கூடாத ஒருவர் வாய் திறந்தார்.

“மாமா, மஃரிபுக்கு வாங்கு சொன்னா உங்கட மாசமும் பொறந்திரும். அதுவரைக்கும் நான் இங்கயே இருக்கன்.”

சொன்னவர் மாப்பிள்ளை. சொல்லிவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தும் விட்டார். எங்களுக்கு நாள் பிறப்பது பொழுது பட்டு மஃரிபுத் தொழுகைக்கு அழைக்கும்போது அல்லவா? தாடி நரைத்த இருவருக்கும் கோபத்தில் அது மறந்துபோயிருந்தது. நான் அவரை விரும்பத் தொடங்கியது அந்த இடத்தில்தான், முகத்தைக் காணுமுன்.

பயஸ்கோப் திரைக்கு முன்னால் இடம் பிடித்திருந்த, நிக்காஹ் ஓதிவைக்கும் லெப்பையை என் கூடப்பிறந்த நானாமார் ஏறக்குறையத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவருக்கும் மனமில்லை. நிக்காஹ் முடிந்தது. கலியாணச் சாப்பாடு, கடையில் வாங்கிய பாணும் வாழைப்பழமும். அதைக் கற்பிட்டியார் வெகுகாலம் சொல்லிக் காட்டினார்கள். கச்சேரிப் பக்கம் வாணவெடி கேட்டது. ராஜாவுக்குப் போட்ட வெடியை நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.

அவர் எங்கள் வீட்டோடு இருந்தார். தன் பிறையை மட்டும் கற்பிட்டியிலேயே வைத்திருந்தார். அங்கே கண்டுவிட்டார்கள் என்று ஆள் வந்தால், ஒரே கூரையின் கீழ் அவருக்கு நோன்பு, எனக்குச் சோறு. புத்தளத்தாருக்குக் கண் மங்கல் என்பார். கற்பிட்டியார் கொக்கு இறகையும் பிறை என்பார்கள் என்பேன் நான். பெருநாளும் இரண்டு தரம் சமைத்தேன்.

இப்போது களப்பில் மாப்பிள்ளைத் தோணி இல்லை, பஸ்தான். பிறையையும் கொழும்பில் தீர்மானித்து எல்லா ஊருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். நல்லதுதான், குழப்பமில்லை. ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் மவுத்தாகி என்னை விட்டுப் போன மாதம் இரண்டு ஊரிலும் வானம் வெளித்திருந்து, ஒரே மாலையில்தான் பிறை கண்டார்கள். அந்த நாளைப் பற்றி அவரோடு வாதாட எனக்கு ஒன்றுமே இருக்கவில்லை.