முடிவு பார்க்காத பதினொரு படங்கள்

ஒரகடம் கூட்டுரோட்டில் நான் தினமும் தேநீர் குடிக்கும் கடையில் ஒரு தொலைக்காட்சி உண்டு. மதியம் அதில் படம் ஓடும். நீலச் சட்டை போட்ட தொழிலாளர்கள் இருபது, இருபத்தைந்து பேர் பெஞ்சிலும் படியிலும் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒன்று இருபதுக்குக் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும். கதாநாயகி கிணற்றில் குதிக்கப் போனாலும் சரி, அத்தனை பேரும் ஒன்றாக எழுந்து போய்விடுவார்கள். இரண்டு நாற்பதுக்கு முதல் ஷிஃப்ட் முடித்தவர்கள் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருக்கிற இடத்திலிருந்து பார்ப்பார்கள். முன்னால் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல், எழுந்தவர்களில் ஒருவரிடம், “முடிவு தெரிய வேண்டாமா தம்பி?” என்று கேட்டேன். மதுரைப் பக்கத்துக்காரர். “முடிவுல சேந்துருவாய்ங்க ஐயா. வேறென்ன செய்யப் போறாய்ங்க?” என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸில் ஏறிவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் நிலைமையும் அதுதான். மனைவி போன பிறகு, 2010இல், மகன் என்னை இங்கே அழைத்துக்கொண்டான். அவனுக்குக் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. வல்லக்கோட்டை சாலையில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். பாளையங்கோட்டை நண்பர்கள் தொலைபேசியில், “உமக்கென்னவே, பட்டணத்துப் பக்கம் போயிட்டீரு. வாரத்துக்கு ஒரு நாடகம், ஒரு நல்ல படம்னு பாத்துக்கிட்டு இருப்பீரு” என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நல்ல படம் பார்க்க இடம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. சென்னையில் ஒரு திரைப்படச் சங்கம் புதன்கிழமைதோறும் மாலை ஆறரைக்குத் திரையிடுகிறது. சி.டி. கடைகளுக்கு வராத படங்கள், பெரிய கம்பெனிகள் எடுக்காத படங்கள். இன்னொரு சிறிய அரங்கில் மாதம் ஒரு நாடகம். ஆனால் நான் மூன்றே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். தாம்பரம் வரை பேருந்து, பிறகு மின்சார ரயில், பிறகு ஆயிரத்து நூறு தப்படி நடை. திரும்புவதற்குத் தாம்பரத்தில் கடைசிப் பேருந்து ஒன்பதே காலுக்கு. அதைப் பிடிக்க வேண்டுமானால் ஏழு ஐம்பதுக்கு நான் இருக்கையை விட்டு எழ வேண்டும். படம் முடிவது எட்டரைக்கு. இப்படிப் பதினொரு படங்களையும் நான்கு நாடகங்களையும் முடிவு தெரியாமல் விட்டு வந்திருக்கிறேன். ஒரு படத்தில் தகப்பன் மகளைத் தேடி ரயிலில் ஏறினான். இன்றுவரை அவன் எந்த நிலையத்திலும் இறங்கவில்லை. எட்டு மாதம் ஆகிறது.

ஒருமுறை பக்கத்து இருக்கைப் பெண்ணிடம், “உங்கள் நம்பரைக் கொடுத்தால், நாளைக்கு முடிவை மட்டும் கேட்டுக்கொள்வேன்” என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூன்று இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்தாள். அவள் மீது தவறில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். ரயிலில் வரும் வழியெல்லாம் எனக்கு முகம் எரிந்தது.

பாளையங்கோட்டையில் நாங்கள் நடத்திய சங்கத்துக்கு முப்பத்தோரு வருடம் நான் செயலாளர். உறுப்பினர்கள் நாற்பத்து மூன்று, வருகிறவர்கள் பத்தொன்பது. படச்சுருள் பெட்டியை ரயில் நிலையத்திலிருந்து நானே சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவேன். எழுந்து போனவர்கள் எத்தனை பேர் என்று குறித்து வைப்பேன். பாதியில் போகிறவர்கள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. படம் முடிந்து திரை வெளுத்ததும் செயலாளர்தான் முதலில் கைதட்ட வேண்டும். அதுவரை எல்லோரும் காத்திருப்பார்கள். கனமான படம் என்றால் கொஞ்சம் தாமதித்துத் தட்டுவேன்.

போன வைகாசியில், இங்கே பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் கோவிலில் பாரதக் கூத்து நடந்தது. மேளச் சத்தம் ஜன்னலில் கேட்கும். ராத்திரியில் லாரி ஓடும் சாலையில் நடக்கக் கூடாது என்று மகன் தடுத்துவிட்டான். கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா கன்னியம்மாள் வந்து சொன்னாள்: “தாத்தா, நாளிக்குக் காலைல படுகளம். துரியோதனன் சாவறது. வந்து பாரு.”

“கடைசி வரை பார்க்கலாமா?”

“கடைசியே அதாம்பா. பத்து மணிக்குள்ள செத்துடுவான். சோத்துக்கு வூட்டுக்கு வந்துடலாம்.”

கோவிலுக்கும் ஒரு கம்பெனி மதிலுக்கும் நடுவில் மிஞ்சிய திடல். அதில் களிமண்ணால் துரியோதனனை மல்லாந்து கிடக்கும்படி செய்திருந்தார்கள். குதிகாலிலிருந்து கிரீடம் வரை பதினெட்டுத் தப்படி. நம் பக்கத்தில் இது கிடையாது. துரியோதனன் வேஷக்காரர் கன்னியம்மாளின் நாத்தனார் மகன்; கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். “பத்து நாளு லீவு குடுக்கலன்னு சூப்பர்வைசராண்ட சண்ட போட்டுக்கினு வந்துச்சு” என்று பெருமையாகச் சொன்னாள். என் மகனும் சூப்பர்வைசர் என்பதால் நான் மண் கிரீடத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வரை எண்ணினேன். பீமனும் துரியோதனனும் கூட்டத்துக்குள் புகுந்து ஓடினார்கள், மண் உடம்பின் மேல் ஏறி மிதித்துச் சண்டை போட்டார்கள். கடைசியில் பீமன் மண் தொடையில் கதாயுதத்தால் ஓங்கி அடித்தான். உள்ளே புதைத்திருந்த பானை உடைந்து சிவப்பு நீர் வழிந்தது. வேஷக்காரர் மண் மார்பின் மேல் சாய்ந்து கண்ணை மூடினார். மேளம் நின்றது. மூன்று வருடத்தில் முதல்முறையாக ஒரு கதை முழுதாக முடிவதைப் பார்த்துவிட்டேன். கொஞ்சம் தாமதித்து, கைதட்டினேன்.

நான்கு தட்டு இருக்கும். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. கன்னியம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். “இன்னா தாத்தா இது! சாவுக்குப் போயி எவனாச்சும் கை தட்டுவானா?”

“எந்த ஊரு பெர்சு அது?” என்று முன்னால் ஒரு குரல்.

“கம்பெனிக்காரங்க வூடு. அதுங்களுக்கு இன்னா தெரியும்? டிவி பாக்கறாப்ல பாத்துக்கினு கீது” என்றாள் பக்கத்திலிருந்த ஒருத்தி.

சிரித்தார்கள். செருப்பைத் தேடினேன். வழக்கம்போல் எழுந்து போய்விடலாம் என்றுதான் தோன்றியது. கன்னியம்மாள் கையை விடவில்லை. “எங்க போற? இன்னும் முடியல. ஒக்காரு.”

வெள்ளைப் புடவை கட்டிய வேஷக்காரர் ஒருவர், துரியோதனனைப் பெற்றவளாக வந்து, மண் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார். சற்றுமுன் சிரித்த பெண்களே அழுதார்கள். தாங்கள் இழந்தவர்களின் பெயரைச் சொல்லி அழுதார்கள். கன்னியம்மாள் தன் புருஷனைச் சொல்லி அழுதாள். பாளையங்கோட்டை அரங்கில் பத்தொன்பது பேரும் அவரவர் இருட்டில் தனித்தனியாக உட்கார்ந்திருப்போம். இங்கே பத்து மணி வெயிலில் எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு கடைசி வரை இருந்தேன்.

திரும்பும்போது அவள், “மேல ஏறாத. குழாயாண்ட தலைக்கு ஊத்திக்கினு போ. சாவு வூட்டுக்குப் போய் வந்துகீறோம்” என்றாள். ஊற்றிக்கொண்டேன். ஏழு வாளி.

மதிய ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகன், ஈர வேட்டியோடு படியேறிய என்னைப் பார்த்துப் பயந்துவிட்டான்.

“எப்பா, ஊர்ல யாரும் தவறிட்டாங்களா?”

“இல்ல. இங்கதான்.”

“இங்க நமக்கு யாருப்பா இருக்கா?”

அவனுடைய பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. ஓடினான். நான் துண்டைப் பிழிந்து கொடியில் அவனுடைய நீலச் சட்டைக்குப் பக்கத்தில் போட்டேன். கீழே கன்னியம்மாளின் கொடியிலும் ஒரு புடவை சொட்டிக்கொண்டிருந்தது.