ஜங்லிகாட்டின் சாய்ந்த ஹோட்டல்

தீவில், ஜங்லிகாட் கடைவீதியில் இந்தத் தமிழ் ஹோட்டல் நாற்பது வருஷமாக நடக்கிறது. சுனாமி வந்த காலை, நிலநடுக்கத்தில் தரை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. என் தட்டில் ஊற்றிய சாம்பார் ஓரமாக ஒதுங்கி மடியில் சொட்டுகிறது.

"இட்லியை அந்தப் பக்கம் அணை மாதிரி வைங்க, சார்," என்கிறார் எதிரே சாப்பிடும் துறைமுக ஊழியர்.

இன்று தரையை மட்டப்படுத்த முதலாளி கொத்தனாரைக் கூட்டி வந்திருக்கிறார். சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் எழ மறுக்கிறார்கள்.

"புதுசா வர்றவங்க ஓடிப்போயிடுறாங்கப்பா," என்று கெஞ்சுகிறார் முதலாளி.

"சோடோ, விடுங்க அண்ணாச்சி. சாஞ்சு சாப்பிட்டே பழகிட்டோம். நேரா உக்காந்தா சோறு இறங்காது," என்கிறார் துறைமுக ஊழியர். "வேணும்னா இந்த மெயின்லேண்ட்காரர் சொல்லட்டும்."

எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். என் பேண்ட் நனைந்திருக்கிறது. ஆனாலும் இத்தனை பேர் பட்டினி கிடக்க நான் காரணமாகக் கூடாது.

"இப்படியே இருக்கட்டும்," என்கிறேன்.

கைதட்டுகிறார்கள். முதலாளி பெருமூச்சோடு கொத்தனாரைக் கல்லாப் பக்கம் இழுத்துப் போய் மெதுவாகச் சொல்கிறார்:

"என் நாற்காலிக்கு அடியில மட்டுமாவது சிமெண்ட் போடுப்பா. எட்டு வருஷமா இடுப்பு வலி தாங்கல."