மஞ்சள் தடவிய மதிப்பெண் பட்டியல்

என் மேஜை இழுப்பறையில் ஒரு பழுப்பு உறை இருக்கிறது. ஒட்டிய வாயின் குறுக்கே ஒரு கல்லூரியின் நீல முத்திரை. அதன் இரு பாதிகளும் சரியாகச் சேராமல் நூலிழை விலகி நிற்கும். நான்கு மூலைகளிலும் மஞ்சள். எண்பதுகளின் நடுவில், டெக்சாஸின் ஆகஸ்ட் வெயிலில், ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் கவுன்ட்டரில் இதை நீட்டினேன். அங்கிருந்த பெண்மணி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, யாரோ திறந்திருக்கிறார்கள், ஏற்க முடியாது என்றார். நான் திறக்கவில்லை என்றேன். மூலைகளில் இது என்ன என்று கேட்டார். மஞ்சள் என்றேன். எதற்கு என்றார். அதை ஆங்கிலத்தில் எங்கே தொடங்குவது?

அதற்கு முன் இரண்டு வருடம் நியூ ஜெர்சியில், எடிசனில், என் மாமா வீட்டில் தங்கிக் கம்யூனிட்டி காலேஜில் படித்தேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அந்தக் கல்லூரியில் இரண்டு வருடம் முடித்துவிட்டு, மீதி இரண்டு வருடத்துக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். படித்த பாடங்களை அவர்கள் ஏற்றுக்கொள்ள, கல்லூரி முத்திரையிட்டுத் தரும் மதிப்பெண் பட்டியல் பிரிக்கப்படாமல் போய்ச் சேர வேண்டும். ஏன் டெக்சாஸ் என்று பலர் கேட்டார்கள். மூன்று இடங்களுக்கு எழுதினேன், அங்கிருந்து முதலில் கடிதம் வந்தது, அவ்வளவுதான். மாமா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "உன்ற இஷ்டம் அம்முணி" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். என்னை அனுப்ப மனமில்லையா, அனுப்பினால் போதும் என்றிருந்ததா, ஒன்றும் புரியவில்லை.

பொங்கலுக்குக் கூடும் தமிழ்க் குடும்பங்களில் யாராவது என் படிப்பைப் பற்றிக் கேட்டால், "இங்க பக்கத்துலதானுங்க" என்று சொல்லிவிட்டு மாமா பேச்சைப் பனிப்பொழிவுக்குத் திருப்பிவிடுவார். அவர்களுடைய பிள்ளைகளெல்லாம் பேர்பெற்ற இடங்களில் படித்தார்கள். மாமா ஒருநாள்கூட என் கல்லூரிக்குள் கால் வைத்ததில்லை. காலையில் காரில் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிடுவதோடு சரி. என்னால் அவருக்குத் தலைக்குனிவு என்றே நினைத்திருந்தேன். வேதியியலில் வாங்கிய 'டி' கிரேடை அவரிடம் 'பி' என்று சொன்னதும் அதனால்தான். அவர் வேதியியல் படித்தவர், மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர். மூடி லேசாகத் தளர்ந்த குப்பியைக்கூட வெளியே விடமாட்டார்.

கவுன்ட்டர் பெண்மணி வெள்ளிக்கிழமைவரை அவகாசம் கொடுத்தார். அதற்குள் புதுப் பட்டியல் கல்லூரியிலிருந்தே நேராக வராவிட்டால், படித்த இரண்டு வருடமும் இல்லாத மாதிரி முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும். நிரப்பக் கொடுத்த படிவத்தில் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது. பிறந்து வளர்ந்த கோபியா, எடிசனா, நேற்று வந்து இறங்கிய இந்த ஊரா? அதை அப்படியே விட்டுவிட்டுப் பொதுத் தொலைபேசிக்கு ஓடினேன்.

"மாமா, கவரைப் பிரிச்சீங்களா?"

"கெட்டில் ஆவில காட்டிப் பிரிச்சேன் கண்ணு. நல்ல காரியத்துக்குப் போற காயிதம், மஞ்சள் வெக்காம அனுப்ப மனசு வரல. வெளிய வெச்சாப் போதும்னு உங்கத்தை சொன்னா. நாந்தான் உள்ளயும் வெக்கோணும்னு... மறுபடி நல்லாத்தான ஒட்டுனேன்?"

"உள்ள படிச்சீங்களா?"

"அட, கண்ணாடிகூடப் போடலீங் கண்ணு."

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நான் கையெழுத்துப் போட்டு வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்த இன்னொரு விண்ணப்பத்தோடு மாமா என் கல்லூரிக்குப் போனார். சாயங்காலம் மறுபடி கூப்பிட்டேன். "எக்ஸ்பிரஸ் மெயில்ல அனுப்பியாச்சு. அவங்க ஒட்டற வரைக்கும் கூடவே நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றார். பிறகு, கேட்காமலே, "நல்ல காலேஜ் கண்ணு. லேப்பெல்லாம் பாத்தேன். ரெண்டு வருசத்துல ஒருக்காவாச்சும் நான் வந்திருக்கோணும்" என்றார். சரிங்க மாமா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் பட்டியல் வந்துவிட்டது. 'டி' வாங்கிய வேதியியலைத் தவிர எல்லாப் பாடங்களையும் ஏற்றுக்கொண்டார்கள். பழைய உறையை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அறைக்கு வந்து, முத்திரையைத் தொடாமல் ஓரத்தைக் கிழித்துப் பார்த்தேன். உள்ளே தாளின் நான்கு மூலைகளிலும் பொட்டுப் பொட்டாக மஞ்சள். ஐந்தாவதாக இன்னொன்றும் இருந்தது: வேதியியலுக்கு எதிரே இருந்த 'டி'யின் பக்கத்தில், கட்டைவிரல் அகலத்தில்.

மாமா இப்போது இல்லை. போன வாரம் உறையைப் பார்த்த என் மகள், "பேப்பரைப் பிடிச்சா ஃபிங்கர் படத்தானேம்மா செய்யும்?" என்றாள். இருக்கலாம். ஆனால் குறை கண்ட இடத்தில் அடையாளம் வைப்பது அவர் உத்தியோகம். நல்லது நடக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் வைப்பது அவர் வழக்கம். அந்த விரல் இரண்டில் எதைச் செய்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பிற்பாடு எத்தனையோ முறை டெக்சாஸுக்கு வந்து என் வீட்டில் தங்கியிருக்கிறார். அப்போது உறையை எடுத்து வைத்துக் கேட்டிருக்கலாம். கேட்பதற்கு முன், 'பி' என்று சொன்னது பொய் என்று நான் அவரிடம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.