தண்ணீர் இல்லாமல் ஓட்டிய பம்பி

காலைத் தேத்தண்ணீரைக் கையில் எடுத்தபோது கிண்ணியாவிலிருந்து தொலைபேசி வந்தது. அன்சார் மாஸ்டரின் மகள் ரிஸ்னா. "சேர், வாப்பா மௌத்தாப் போயிட்டார். ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்" என்றாள். நண்பகல் தாண்டி நான் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணிக்குப் போய்ச் சேர்ந்தபோது மண் போட்டு முடித்திருந்தார்கள்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் நான் கணிதம் படிப்பித்தேன். அன்சார் தண்ணீர் இறைக்கும் பம்பி பொருத்தும் வேலை படிப்பித்தார். அவரை அடக்கமானவர் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். "மாஸ்டர், இந்த மாவட்டத்தில என்னை விட வடிவா சீல் போடுற ஆள் இருந்தாக் கூட்டிட்டு வாங்க. அவருக்கும் சேத்துத் தேத்தண்ணி வாங்கித் தாறன்" என்பார். கூட்டிக்கொண்டு போக எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

மெக்கானிக்கல் சீல் என்பது, பம்பியின் சுழலும் தண்டு வெளியே வரும் இடத்தில் தண்ணீர் கசியாமல் காப்பது. கண்ணாடிபோல் மினுக்கிய இரண்டு வளையங்கள். ஒன்று தண்டோடு சுற்றும், மற்றது அசையாது. இரண்டுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம். கண்ணையும் இமையையும் போல என்று நான் விளங்கிக்கொண்டேன். ஈரம் வற்றினால் இமைப்பதே கண்ணை உராயும். ஒருநாள் புதிய வளையத்தைத் தொடப் போனேன். மணிக்கட்டில் ஒரு தட்டு விழுந்தது. "வடை திண்ட கை, மாஸ்டர்! அந்த வளையத்திட முகத்தை நான்கூட விரலால தொடுறல்ல."

ஒரு வெள்ளிக்கிழமை துறைமுகப் பக்கத்து ஐஸ் தொழிற்சாலையில் கடல்நீர்ப் பம்பிக்குப் புதிய சீல் போட அவரை அழைத்திருந்தார்கள். என் மோட்டார் சைக்கிளில்தான் போனோம். வேலை முடியும்போது ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. "நான் வாற வரைக்கும் சுவிச்சில கை வைக்க வேணாம். உள்ளுக்கு இன்னும் தண்ணி நிரப்பல்ல. வறண்டு ஓடினாச் சீல் எரிஞ்சு போயிடும்" என்று தொழிற்சாலை முகாமையாளரிடம் சொன்னார். "ஓம் ஓம், நீங்க போயிட்டு வாங்க" என்றார் அவர். பக்கத்தில் நின்று இரண்டையும் கேட்டேன்.

தொழுகை முடியும்வரை பள்ளிவாசலுக்கு எதிர்க்கடையில் காத்திருந்து அவரைத் திரும்பக் கூட்டிவந்தேன். பம்பியறையில் கருகிய ரப்பர் வாடை. கொழும்பிலிருந்து வந்த முதலாளிமாருக்கு ஓட்டிக் காட்ட முகாமையாளரே சுவிச்சைப் போட்டிருந்தார். அருகில் நின்ற தொழிலாளி அதை எங்களிடம் சொன்னார். விசாரணையில் சொல்லவில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

பொருத்தியவர் பிழை என்று முடிவானது. அன்சார் அந்த வளையத்தை மேசையில் வைத்து, சூட்டில் வெடித்த கோடுகளைக் காட்டினார். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. காதால் கேட்டதை நானும் சொன்னேன். "நீங்க அவர்ட கூட்டாளிதானே" என்றார்கள்.

மாற்றுச் சீல் வரும்வரை ஐஸ் இல்லை. இறக்கக்கண்டி ஊர்த் தோணிக்காரரின் மீன் பழுதானது. அவர்களுடைய கோபம் நியாயமானது. தொழிற்சாலைக்காரர் ஆளைத்தான் மாற்றிக் காட்டிவிட்டார்கள். சந்தையில் ஒருவர் அன்சாரிடம், "என்ன மாஸ்டர், நாறல் மீன் வேணுமா? உங்கட புண்ணியத்தில நிறையக் கிடக்கு" என்றார். எதற்கும் எதிர்க்கதை வைத்திருக்கும் மனுசன், அன்று வெறும் பையோடு திரும்பினார்.

பிறகு முகாமையாளர் ஆள் அனுப்பினார். கவனக்குறைவு என்று ஒத்துக்கொண்டால் மறுபடி வேலைக்குக் கூப்பிடலாமாம். "ஒத்துக்கொண்டு உள்ளுக்குப் போனா, நாளைக்கு எந்தப் பம்பி ஒழுகினாலும் என்ட முகத்தைத்தான் பாப்பாங்க. ஏலாது மாஸ்டர்" என்றார் அன்சார். அதன்பின் எந்தத் தொழிற்சாலையும் அவரை அழைக்கவில்லை. பயிற்சி நிலையமும் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கடைசிவரை வீட்டுக் கிணற்றுப் பம்பிகளைத் திருத்திப் பிழைத்தார்.

போன கிழமை அதே நிலையத்தில் அனுதாபக் கூட்டம் வைத்தார்கள். ஐஸ் தொழிற்சாலை முகாமையாளரும் பேசினார். "அன்சார் மாஸ்டர் ஒரு தடவை தவறினார். நாங்கள் அதை அன்றைக்கே மன்னித்துவிட்டோம்" என்றார். சிலர் தலையாட்டினார்கள். ரிஸ்னா எழுந்தாள்.

"சேர், மன்னிக்கச் சொல்லி வாப்பா எப்ப உங்களிட்டக் கேட்டவர்?"

கூட்டத் தலைவர் ஒலிவாங்கியை இழுத்து, தேநீர் தயாராக இருக்கிறது என்று அறிவித்தார்.

அவரை அறிந்தவர்களே, அவருடைய கைத்திறனைப் பற்றி நீங்கள் எழுதுங்கள். நான் வைத்துக்கொள்வது அவருடைய கோபத்தை. முகாமையாளரை மன்னித்துவிட்டதாக அன்சார் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. அவருக்காக நானும் சொல்லமாட்டேன்.